பழைய பென்ஸ் யாருக்கு இலாபம்?

2025 மே மாதத்தில் இலங்கையின் ஜனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த ஆடம்பர வாகனங்கள் பலவற்றை ஏலத்தில் விட்டது. பி.எம்.டபிள்யூ., போர்ஷே கயென் போன்றவையும் அவற்றுள் அடங்கும். எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இச்செய்தியை அரசியல் கண்கொண்டு பார்த்தவர்களே அதிகம். எனக்கு எழுந்ததோ வேறு கேள்வி. அரசாங்கமே தீனி போடத் தயங்கிய யானையை ஏலத்தில் எடுத்துச் செல்லும் தனிமனிதர், எந்தத் துணிவில் அதைத் தன் வீட்டு முற்றத்தில் கட்டுகிறார்?

பழைய ஆடம்பரக் கார் வாங்குவோர் அனைவரும் கூறும் நியாயம் ஒன்றுதான்: "புதிதில் என்ன விலை, இப்போது என்ன விலை!" லண்டனில் இது உண்மை. ஒரு காலத்தில் பெருஞ்செல்வந்தர் மட்டுமே வாங்கிய எஸ் வகுப்பு பென்ஸ், இருபது வருடங்களின் பின் சில ஆயிரம் பவுணுக்குக் கிடைக்கும். ஆனால் குறைந்தது காரின் விலை மட்டுமே. அதன் உதிரிப்பாகங்களோ இன்றும் செல்வந்தரின் காருக்குரிய விலையிலேயே விற்கப்படுகின்றன. போதாததற்கு, 2023 ஓகஸ்டிலிருந்து லண்டன் மாநகரம் முழுவதிலும், மாசுக் கட்டுப்பாட்டு அளவுகோலை எட்டாத கார்கள் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் செலுத்தவேண்டும். பொதுவாக 2006 இற்கு முற்பட்ட பெற்றோல் கார்கள் இதில் அகப்படுகின்றன.

இலங்கையிலோ அந்த முதல் நியாயமே செல்லாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இங்கு பழைய கார் வாங்கியவர், கழிவு விலைக்கு அல்ல, தங்க விலைக்கே வாங்கினார். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகத்தின் விலையும் கூடவே ஏறியது. அவ்வருட ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பின்னர் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, பெரிய எஞ்சின் பூட்டிய கார்களின் சொந்தக்காரர் பலர் சைக்கிளுக்குக் காற்றடித்தனர்.

ஆயினும் பழைய ஆடம்பரக் கார்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. 1984 இன் இறுதியில் வெளிவந்த டபிள்யூ 124 வகை பென்ஸையும் 1998 இல் வந்த டபிள்யூ 220 ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பின்னையதைத் தாங்குவது இரும்புச் சுருள்வில் அல்ல. காற்று நிரம்பிய இறப்பர் பைகள். ஓடும்போது மிதப்பது போன்ற சுகம். வயதேற இறப்பர் வெடிக்கும், காற்று கசியும். இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் மூக்குக் குத்திக் கிடக்கும். கசிவை ஈடுசெய்ய ஓயாது ஓடும் கொம்பிரசரும் எரிந்துபோகும். விபரமறியாத கராஜில் கொம்பிரசரை மட்டும் மாற்றிவிடுவார்கள். கசிவு அப்படியே இருப்பதால் புதியதும் எரியும். இரண்டு கொம்பிரசருக்குப் பணம் கொடுத்த பின்னரே நோய் வேறிடத்தில் என்பது தெரியவரும்.

டபிள்யூ 124 குறையற்றது என்று சொல்லமாட்டேன். 90களின் முற்பகுதியில் தயாரான பலவற்றில் மின்கம்பிகளின் மேலுறை பொடிந்து உதிரும். ஆனால் அந்நோயை ஒரு மனிதர் கண்ணால் காணலாம்; கையால் திருத்தலாம். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் கிடந்தபோது, ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் துளிப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. கம்ப்யூட்டர் பூட்டிய எந்த ஆடம்பரக் காரும் அதைச் செய்திராது. அன்று அவற்றை ஓடவைத்தவை எளிய எஞ்சினும் அதன் குணமறிந்த மெக்கானிக்கின் காதும்தான். அந்த மெக்கானிக்குகள் இப்போது முதுமையடைந்துவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் பெரும்பாலும் வேறு தொழிலுக்கு அல்லது வேறு நாட்டுக்குப் போய்விட்டனர். பழைய பென்ஸ் வாங்க நினைப்பவர் காரைத் தேடுமுன் இவர்களில் ஒருவரைத் தேடுவது நல்லது. அவர் இல்லையேல், கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

பென்ஸ் அபிமானிகள் உடனே கிரேக்க டாக்சிச் சாரதி கிரெகோரியோஸ் சாச்சினிடிஸின் கதையை எடுத்துவிடுவார்கள். அவருடைய 1976ஆம் ஆண்டு 240டி கார் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடியபின், 2004 இல் பென்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உண்மைதான். ஆனால் அவர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டியே ஓடினார் என்பதையும், அந்தக் கார் நாள்தோறும் அவருக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

புலம்பெயர்ந்த நம்மவரில் சிலர் ஊருக்கு வரும்போது ஓடுவதற்கென ஒரு பழைய பென்ஸை வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். ஓய்வுபெற்ற தகப்பனார் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் அவர் பொறுப்பு. பதினொரு மாதம் ஓடாமல் நிற்கும் காரில் பற்றரி இறக்கும், இறப்பர் வளையங்கள் காய்ந்து எண்ணெய் ஒழுகும், எலி வயரைக் கடிக்கும். மகன் வந்திறங்கும் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் கார் கராஜில்தான் நிற்கும். அந்த மூன்று வாரத்துக்கும் சாரதியோடு ஒரு வான் பிடித்தால், செலவு ஒரு கொம்பிரசரின் விலைக்குள் அடங்கக்கூடும், தகப்பனாருக்கும் நிம்மதி.