கூகுள் பட்டன் மட்டும் போதுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல லாகின் பேஜ் வந்ததும் நாம எல்லாரும் செய்யறது ஒண்ணுதான்: 'கூகுள் லாகின்' பட்டனை வெச்சுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் செஞ்சேன்.

அது தப்புன்னு சொல்ல வரல. 2014-ல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் முறைப்படி, பாஸ்வேர்டு நம்ம சர்வருக்கு வரவே வராது. கூகுள் சரிபார்த்து ஒரு டோக்கன் தரும், அவ்வளவுதான். பாஸ்வேர்டை நாமே சேமிச்சு வெச்சு ஒருநாள் கசியவிடறதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனா எங்க ஊர் பிரம்மதேசம். மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்களுக்காக, வேலை நாளையும் கூலியையும் குறிச்சு வைக்க ஒரு ஆப் செஞ்சேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுத்தேன். பட்டனை அழுத்தினாங்க. திரையில் வந்தது அவங்க மகன் பேர். வீட்டுல மூணு பேருக்கும் ஒரே ஃபோன். அதுல இருந்தது அவன் கணக்கு. நாளைக்கு அவன் ஃபோனை எடுத்துக்கிட்டு வெளியூர் போயிட்டா? கூலி பாக்கியைக் கேட்கப் போறப்ப அக்கா கையில எந்தக் கணக்கும் இருக்காது.

கூகுள் உறுதி சொல்வது கணக்குக்கு மட்டும்தான். ஃபோனைப் பிடிச்சிருக்கிற ஆள் யாருன்னு அதுக்குத் தெரியாது.

அதனால பட்டன் இருக்கட்டும். கூடவே ஆளுக்கொரு பேர், ஒரு பின் நம்பர்னு இன்னொரு வழியும் வைங்க. டேட்டாபேஸ்ல இமெயிலை அடையாளமா வைக்காதீங்க, அது மாறலாம். டோக்கன்ல வர்ற 'சப்' மதிப்பை வைங்க, அது மாறாது.

ரிவ்யூவுக்கு முன்னாடி உங்க அம்மா கையில இருக்கிற ஃபோன்ல ஒரு தடவை லாகின் பண்ணிப் பாருங்க. யார் பேர் வருது?