தோற்பையும் மின்கிதாரும்

ஸ்காட்லாந்தின் பேக்பைப்பை ராக் இசையோடு சேர்ப்பது மரபைக் கெடுக்கும் என்பவர்கள் அந்தக் கருவியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். குழலில் ஒன்பதே சுரங்கள். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நம் நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல மூன்று சுருதிக் குழல்கள் இடைவிடாமல் முழங்கும். திறந்தவெளியில் ஒலிக்கும் இந்த முழக்கத்துக்கு மின்கிதார் அந்நியமல்ல. 1975-இலேயே ஏசி/டிசி குழுவின் பான் ஸ்காட் ராக் பாடலில் பேக்பைப்பை வாசித்தார். ரெட் ஹாட் சில்லி பைப்பர்ஸ் குழு 2007-இல் பிபிசியின் திறமைப் போட்டியில் வென்றதே இந்தக் கலவையால்தான்.

பழைய, நிதானமான தனிவாசிப்பான பியோபரக் இந்த ஆரவாரத்தில் அமுங்கிவிடாதா? நியாயமான கவலைதான். ஆனால் மரபின் அடையாளமாக எண்ணப்படும், டிரம் முழங்க அணிவகுக்கும் பைப் குழுவே 19-ஆம் நூற்றாண்டு ராணுவம் வளர்த்த கலவை. அதன் பிறகும் ஓபன், இன்வர்னஸ் ஊர்களில் பியோபரக் போட்டிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. என் கவலை வேறு. காற்று நிற்காத இந்தக் கருவியில், ஒரே சுரம் அடுத்தடுத்து வரும்போது அதைப் பிரித்துக் காட்டுபவை இடையில் மின்னும் நுண்சுரங்கள் மட்டுமே. டிரம்ஸின் வேகத்தில் ராக் குழுக்கள் அவற்றை விழுங்கிவிடக் கூடாது.