கடிப்பது கிளியின் குற்றமா?



தை, மாசி மாதங்களில் நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் பட்டுப்போன மரங்களின் பொந்துகளில் பச்சைக்கிளி குஞ்சு பொரிக்கும். சிலர் மரமேறிக் குஞ்சைப் பிடித்து வந்துவிடுகிறார்கள். சில வாரம் கழித்து வகுப்பில் இந்தப் பேச்சு வரும்: "எங்க வீட்டுக் கிளிக்குஞ்சு சும்மா சும்மா கடிக்குது. என்ன பண்றதுன்னே தெரியல!"

உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். "மூக்குல ஒரு சுண்டு சுண்டு", "ஒரு நாள் பட்டினி போடு", "விரல்ல மிளகாய் தடவிக்கோ". மிளகாய் வைத்தியம்தான் பெரிய தமாஷ். பறவைகளுக்கு மிளகாயின் காரமே தெரியாது! கிளி அதை ருசித்துத் தின்னும். மற்ற இரண்டும் தமாஷ் இல்லை, கொடுமை. அடிபட்ட கிளிக்குப் பயம் கூடும், பயம் கூடினால் கடியும் கூடும்.

கிளி ஏன் கடிக்கிறது? அதற்குக் கை கிடையாது. அலகுதான் அதற்குக் கை. மரமேறும்போது அதையே மூன்றாவது கால் மாதிரியும் வைத்துக்கொள்ளும். நம் வீட்டுக் கைக்குழந்தை எதை எடுத்தாலும் வாயில் வைப்பதில்லையா? குஞ்சும் அப்படித்தான், கடித்துப் பார்த்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொள்கிறது.

இன்னொரு காரணம் பயம். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. வெளியில் இருந்தால் பறந்து தப்பிக்கும். நாம்தான் இறக்கையை வெட்டிக் கூண்டையும் பூட்டிவிட்டோமே! மிச்சம் இருப்பது அலகு ஒன்றுதான். அது கடித்ததும் "ஐயோ" என்று கத்திக் கையை இழுக்கிறோம். கடித்தால் கை போய்விடும் என்று அது படித்துக்கொள்கிறது. பாடம் நடத்தியது யார்? நாமேதான்.

என் சித்தி வீட்டில் காக்டெயில் பறவை இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இனம், கூண்டிலேயே தலைமுறையாகப் பெருகியது. நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் சின்னப் பறவைகளும் பெரும்பாலும் அதே நாட்டு இனம்தான். இவற்றை வளர்க்கத் தடை இல்லை. சித்தி அதை அடித்ததே இல்லை. கையை மேலிருந்து கொண்டுபோகாமல் நெஞ்சுக்கு நேராக மெதுவாக நீட்டுவார். உள்ளங்கையில் கொஞ்சம் தினை இருக்கும். கடித்தால் கத்தமாட்டார், மெதுவாக இறக்கிவிட்டுச் சற்று நேரம் கண்டுகொள்ளாமல் இருப்பார். அது உடம்பை விறைத்து முறைத்துப் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கேட்டால், "அதுக்குப் புடிக்கலீன்னா நாம எதுக்குக் கண்ணு தொடோணும்?" என்பார். தினமும் பத்து நிமிஷம். இப்போது தானாக வந்து தோளில் உட்காருகிறது. பழகியது பறவை மட்டுமா? சித்தியும்தான்.

ஆனால் பச்சைக்கிளி கதையே வேறு. அது நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022-ல் திருத்திய சட்டத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2023-ல் நம் கோவை வனத்துறையே, வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தது.

"மக்காச்சோளத்தை நாசம் பண்ற கிளிதானே?" என்று சிலர் கேட்கலாம். நியாயம். எங்கள் அப்புச்சியும் தகரத்தைத் தட்டி விரட்டுபவர்தான். ஆனால் அந்தச் சண்டை வெட்டவெளியில் நடக்கிறது, கிளிக்குப் பறந்துபோக வழி இருக்கிறது. கூண்டில் அது இல்லையே!

"நாங்க பாசமாத்தான் வளர்க்கிறோம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை மீனாட்சி கையில் கிளி இருக்கிறது, கூண்டு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கோ தினமும் இலையிலேயே கிளி செய்து சாத்துகிறார்கள். கிளிமேல் பாசம் வைக்கக் கூண்டு வேண்டியதில்லை.

அதற்காக இன்றைக்கே கூண்டைத் திறந்துவிடாதீர்கள். இறக்கை வெட்டிய கிளி பூனைக்கும் காக்கைக்கும்தான் இரையாகும். 'கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வனத்துறையிடம் கொடுங்கள். வெட்டிய இறகு திரும்ப முளைக்கும். பறக்கப் பழகியபிறகு விடுவதுதான் முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த தை மாதம் யாராவது "குஞ்சு வேணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்று சொல்லுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் மரமேற ஆள் இருக்கமாட்டார்கள்.

கடிக்காத கிளி வேண்டுமா? சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் மைதானத்தில் நின்று மேலே பாருங்கள். கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். அவற்றில் ஒன்றுகூட நம்மில் யாரையும் கடித்ததில்லை!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி