கோயில் என்றால்தான் வீடு விடுமா?

மார்கழி ஞாயிறு விடியுமுன்பே பாளையங்கோட்டைத் தெருமுனையில் வேன் நிற்கும். அறுபதைத் தாண்டிய தோழியர் ஏழெட்டுப் பேர், தூக்குவாளியில் புளியோதரையோடு, பாபநாசம் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை நவகைலாயக் கோயில்கள் ஒன்பதும் சுற்றுகிறார்கள். வழியெல்லாம் மருமகள் கதை, சிரிப்பு. திரும்புகையில் இருட்டுக்கடை அல்வா.

இதைச் சுற்றுலா என்று வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால்தான் என்ன?

வழியில் வரும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழி பார்க்க வேனை அங்கேயும் திருப்பலாம், சாமி கோபிக்காது.

வேன் இல்லாமல் இப்படிச் சுற்ற நினைத்தால், 2021 மே மாதம் பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தோடு நின்றுவிடுகிறது. அதை நீட்டிப்பதைவிட அவசரம், பூட்டாத கழிப்பறை. அது இல்லாமல், தாமிரபரணிக் கரையிலேயே நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வருகிற ஆச்சிகள் உண்டு.