உபதலைப்பு யாருக்கு?

அண்மையில் ஸ்காபரோவில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஜப்பானிய சினிமா பற்றி ஒருவர் பேசினார். குரோசவா, மிசோகுச்சி, ஓசு என்று பெயர்கள் உதிர்ந்தன. இறுதியில், இவையெல்லாம் உபதலைப்பு வாசித்துப் பார்க்கவேண்டிய படங்கள், உழைத்துக் களைத்து வரும் எம் சனங்களுக்குச் சரிவராது என்றார். சபையில் தலைகள் ஆடின. பின்வரிசையில் இருந்த நாங்கள் நாலுபேரும் அந்தச் சனங்கள்தாம். றெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவுகிறோம், வெங்காயம் வெட்டுகிறோம். இருவர் பல்கலைக்கழகப் படிப்பை அரைவழியில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

களைப்பு உண்மைதான். 207 நிமிட 'செவன் சாமுராய்' (1954) படத்தை நூலகத்தில் எடுத்துவந்து மூன்று இரவு போட்டு மூன்று இரவும் நித்திரையானோம். வெள்ளை எழுத்து வெள்ளை உடுப்பின்மேல் விழுந்து மறைகிறது. எழுத்தைப் பார்த்தால் முகம் போய்விடுகிறது, முகத்தைப் பார்த்தால் எழுத்துப் போய்விடுகிறது. ஆனால் இவற்றைவிடப் பெரிய தடை, அந்த எழுத்து ஆங்கிலமாக இருப்பது. இதைக் கூட்டத்தில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆங்கிலமும் ஒரு மொழிதான் என்பதை எம் அறிவாளிகள் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

ஓசுவின் 'ரோக்கியோ ஸ்ரோறி' (1953) படத்தைப் பாருங்கள். ஒனோமிச்சி என்ற கரையோர ஊரிலிருந்து கிழவரும் கிழவியும் ரோக்கியோவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். வைத்தியரான மகனுக்கும் சிகையலங்காரக் கடை நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. காசு சேர்த்துப் பெற்றோரை அத்தாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போருக்குப் போய்த் திரும்பாத மகனின் மனைவி நொறிக்கோதான் லீவெடுத்து ஊர் காட்டுகிறாள். எட்டு வருடமாகியும் அவன் படம் அவள் அறையில் இருக்கிறது. இதில் எந்த இடம் எம் சனங்களுக்கு விளங்காது?

விளங்காமற் போனது வேறொன்று. கிழவரும் கிழவியும் பேசுவது ஊர்ப்பேச்சு, பிள்ளைகள் பேசுவது தலைநகர்ப் பேச்சு. மகள் பெற்றோரிடம் வெடுக்கென்று பேச, மருமகள் மரியாதைச் சொற்களால் பேசுகிறாள். எம்முடன் வேலைசெய்யும் ஜப்பானியச் சமையற்காரர் சொல்லித்தான் இது தெரியவந்தது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிற நாம், ஒரேயொரு படி உள்ள மொழிக்குள்ளால் ஜப்பானை எட்டிப்பார்க்கிறோம்!

எங்கள் குசினியில் மரக்கறி வெட்டும் அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஒரு ஞாயிறு, எங்களில் ஒருவன் எழுத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் படத்தை மட்டும் பார்த்தார். (ஊமைப்படக் காலத்தில் ஜப்பானில் இப்படிப் படத்துக்குப் பக்கத்தில் நின்று கதைசொல்லும் 'பென்ஷி' என்ற தொழிலே இருந்தது. குரோசவாவின் அண்ணன் பென்ஷியாக இருந்தவர்.) தாயின் செத்தவீடு முடிந்து சாப்பிடும்போது மகள் தாயின் உடுப்புகளைக் கேட்கும் கட்டம் வந்தது. எங்கள் ஆள் வாசித்து முடிக்கவில்லை. "சீலையைக் கேக்கிறாள், என்ன?" என்றார் அக்கா. அவருடைய தாய் ஊரில் செத்தபோது இங்கே அவரது அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை, போகமுடியவில்லை. படம் முடியும்வரை பிறகு ஒன்றும் பேசவில்லை.

இவரையா சரிவராது என்கிறீர்கள்? தமிழில் உபதலைப்பு எழுத ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? ஜப்பானிய வசனம் எமது வசனம் போலவே வினையில் முடிகிறது. 'நான்', 'நீ' இல்லாமலே ஓடுகிறது. சொல் நீளம், இரண்டு வரிக்குள் அடக்கவேண்டும் என்ற சிரமம் இருக்கிறதுதான். குரோசவா பற்றிக் கட்டுரை எழுதும் நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

நாங்கள் ஒரு கொப்பியில் தொடங்கிவிட்டோம். 136 நிமிடப் படத்தில் இருபது நிமிடம் முடிந்திருக்கிறது. கிழவர் மனைவியை 'நீ' என்பாரா, 'நீர்' என்பாரா என்று இரண்டு ஞாயிறாக அடிபடுகிறோம். அக்கா 'நீர்' என்கிறார். கூட்டத்தில் பேசிய அன்பர் வருவதானால் ஒரு கதிரை இருக்கிறது.