முள் பொய் சொல்லலாமா?



கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடியிருப்பீர்கள். சிலர் அதோடு நிற்பதில்லை. வீட்டிலேயே விமானி அறை அமைத்து, வேகமானி, உயரமானி எல்லாவற்றையும் தாங்களே செய்கிறார்கள்.

நிஜ விமானத்தில், ஒரு குழாய்க்குள் புகும் எதிர்க்காற்றின் அழுத்தம் வேகமானியின் முள்ளை நகர்த்தும். வீட்டில் எதிர்க்காற்று ஏது? கம்ப்யூட்டர் சொல்லும் கோணத்துக்கு, சர்வோ என்னும் குட்டி மோட்டார் முள்ளைத் திருப்புகிறது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்று தானே பார்த்துக்கொள்ளும் சமர்த்து அது!

முள் ஆடினால் போதுமா? வேகமானியின் கோடுகள் பெரும்பாலும் ஒரே இடைவெளியில் இருப்பதில்லை. 40, 60, 80 என ஒவ்வொரு எண்ணிலும் முள்ளை நிறுத்தி, கோணத்தைக் குறித்து, கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். அலுப்பான வேலைதான். செய்யாவிட்டால், இறக்கைகள் தாங்க முடியாத அளவுக்கு வேகம் குறைந்த பின்னும், 'நன்றாகப் பறக்கிறாய்' என்று முள் பொய் சொல்லும். என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட மானி இல்லாத பலகையே மேல்.

உயரமானிக்குச் சாதாரண சர்வோ உதவாது. அது அரைவட்டம் அளவுதான் திரும்பும். உயரமானியின் நீண்ட முள்ளோ, 1,000 அடிக்கு ஒருமுறை முழுதாகச் சுற்ற வேண்டும். அதற்கு ஸ்டெப்பர் மோட்டார். எத்தனை சுற்றும் சுற்றும். ஆனால், தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது! ஒவ்வொரு முறை தொடங்கும்போதும், 'இதுதான் பூஜ்யம்' என்று காட்ட ஒரு சென்சார் வைக்கிறார்கள்.