மென்பொருளின் பெயரால் ஒரு பட்டம் வேண்டா

காட்சித் தொடர்பியல், மல்டிமீடியா, அனிமேஷன் என்று வெவ்வேறு பெயர்களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நடைபெற்றுவரும் புதிய ஊடகத் தொழில்நுட்ப இளநிலைப் படிப்புகளின் பாடத்திட்டத்தைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம், எந்த மென்பொருளை நீக்கி எதைச் சேர்ப்பது என்ற கேள்வியிலேயே விவாதம் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறபடியால், இக்கல்வியைப் போதிக்கும் ஆசிரியர்களாகிய எங்கள் சங்கம் தன் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமென்று கருதுகிறது. மென்பொருளுக்கு உரிய இடம் செய்முறைக் கூடம். பாடத்தின் தலைப்பில் அதற்கு இடமில்லை.

இணையத்தில் அசையும் சித்திரமென்றாலே ஃபிளாஷ் மென்பொருள்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதைக் கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் அறிவித்தது. அவ்வாண்டு இப்படிப்புகளில் சேர்ந்தவர்கள் படிப்பை முடித்த 2020ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ஃபிளாஷ் பிளேயரின் ஆயுளும் முடிந்தது. அதன் மெனுக்களை மனப்பாடம் செய்வது மட்டுமே கல்வியென்று கொண்டால் மூன்றாண்டு உழைப்பும் விரயமே. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறிக்கும் இரண்டு கீஃபிரேம்களுக்கு இடையே அசைவு எவ்வாறு பிறக்கிறது, ஒரு விநாடியை 24 சட்டகங்களாகப் பகுத்தால் கண் எங்ஙனம் ஏமாறுகிறது என்னும் தத்துவமோ எந்தச் சாதனம் வந்தாலும் பிரயோஜனப்படும்.

இதனினும் எங்களுக்கு மனக்கிலேசம் தருவது, தமிழ் எழுத்தின்பால் இப்படிப்புகள் காட்டும் அலட்சியம். கணினி எழுத்துக் குறியாக்கத் தரமாகிய யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடமளித்துவிட்டது; தமிழ்நாடு அரசும் 2010இல் அதனை ஏற்றது. 'கொ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், கணினியின் நினைவகத்தில் முதலில் ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமே நிற்கின்றன; அவற்றைத் திரையில் உரிய ஸ்தானத்தில் நிறுத்துவது எழுத்துருவும் அதனை இயக்கும் நிரலுமே. இந்தச் சூட்சுமம் கற்பிக்கப்படாத மாணவர், தாம் செய்த காணொளியின் தலைப்பில் கொம்பு இடம்மாறி விழக் கண்டதும் யூனிகோடைச் சாராத பாமினி போன்ற பழைய எழுத்துருவிடம் சரணடைகிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தென்படுவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. தேடுபொறிக்கு அது தமிழே அன்று. தமிழகத்தில் ஊடகப் பட்டம் பெறுகிறவர் தமிழில் ஒரு தலைப்பைப் பிழையின்றி அமைக்கத் தெரியாதிருப்பதை, வேறென்ன சொன்னாலும், கல்வி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

வேலை கொடுப்போர் மென்பொருள் பயிற்சியையே கேட்கிறார்கள் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஆதலால்தான் செய்முறை நேரத்தைக் குறைக்க நாங்கள் சொல்லவில்லை. அதில் எந்தச் சாதனத்தைப் பழக்குவது என்பதை ஆண்டுதோறும் கல்லூரியே தீர்மானிக்கட்டும் என்கிறோம். சாதனம் எதுவாயினும், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும், செயற்கை நுண்ணறிவால் ஒருவர் முகத்தையும் குரலையும் போலி செய்வதன் விபரீதமும் பாடத்தில் இடம்பெற வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமிராது.

பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள், அடுத்த திருத்தத்திலேயே பாடத் தலைப்புகளினின்றும் மென்பொருள்களின் பெயர்களை நீக்கி, முதலாண்டில் தமிழ் எழுத்துரு அமைப்பைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.